சேவ் செய்யாத ஃபைலும் கம்பைலர் காட்டும் எரரும்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் புரோகிராமிங் பழக வருகிறார்கள். முதல் செமஸ்டரில் அவர்கள் கொண்டுவரும் சந்தேகங்களில் ஒன்று வருடா வருடம் மாறாமல் வரும். "சார், 14-ஆவது வரியில செமிகோலன் இல்லைன்னு எரர் வருது. போட்டுட்டேன். ஆனாலும் அதே எரர்தான்." திரையைப் பார்த்தால் செமிகோலன் இருக்கிறது. கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலில், எழுதியதை மெஷின் ஓட்டும் புரோகிராமாக மாற்றித்தரும் ஜிசிசி என்ற சி மொழிக் கம்பைலர் அது இல்லை என்கிறது. இரண்டும் உண்மைதான். எடிட்டரில் அந்த ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி நிற்கிறது. இன்னும் சேவ் செய்யவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

"சேவ் பண்ணு தம்பி" என்று சொல்லி முடித்துவிடலாம். லேபில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. இதே சிக்கல் அடுத்த வருடம், பல ஃபைல்களுக்குப் பொதுவான அறிவிப்புகளை வைக்கும் ஹெடர் ஃபைலில் வரும், அதற்கடுத்து, மாறிய ஃபைல்களை மட்டும் திரும்பக் கம்பைல் செய்யும் மேக் கட்டளையில் வரும், வேலைக்குப் போன பிறகு ரஸ்ட் மொழிப் புராஜெக்ட் ஒன்றில் பழைய சிவப்புக் கோடாக வந்து நிற்கும். அடியில் இருக்கும் காரணத்தை முதலிலேயே யாரும் சொல்லாததால், ஒவ்வொரு முறையும் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. காரணம் இதுதான்: எந்த எரரும் ஏதோ ஒரு பிரதியைப் படித்துவிட்டுச் சொல்லப்படுகிறது, ஆனால் எந்தப் பிரதி என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டு பிரதிகள்

ஃபைலை எடிட்டரில் திறந்ததும் டிஸ்க்கில் உள்ள எழுத்துகள் மெமரிக்கு நகலாகின்றன. இந்த நகலை பஃபர் என்பார்கள். நாம் தட்டுவது எல்லாம் பஃபரில்தான் சேர்கிறது. சேவ் கொடுத்தால்தான் பஃபரில் இருப்பது டிஸ்க் ஃபைலில் எழுதப்படும். கம்பைலர் தனியான ஒரு புரோகிராம். இன்னொரு புரோகிராமின் மெமரிக்குள் அது எட்டிப்பார்க்க ஆப்பரேட்டிங் சிஸ்டம் விடாது. பெயரைச் சொல்லி ஃபைலைத் திறக்கும், கிடைத்ததைப் படிக்கும். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். முதுகுப் பையில் எத்தனை கிலோ இருந்தாலும் எடை போட்டு நோட்டில் ஏறிய இலைக்குத்தான் ஃபேக்டரியில் கணக்கு.

இங்கே கரண்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூன், ஜூலையில் காற்று வீசி ஒரு கற்பூர மரம் லைனில் சாய்ந்துவிட்டால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் 'சேவ்' என்றாலே பலருக்கும் கரண்ட் போனாலும் எழுதியது தப்புவது என்ற நினைப்புதான் வருகிறது. கம்பைலரின் பார்வையில் சேவ் என்பது வேறு விஷயம். லினக்ஸில் ஓர் எடிட்டர் ஃபைலை எழுதும்போது அது முதலில், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் வைத்திருக்கும் இடைநிலை மெமரிக்குப் போகிறது. டிஸ்க்கில் உண்மையிலேயே பதிவதற்கு சுமார் 30 வினாடிகள் வரைகூட ஆகலாம். விம் போன்ற எடிட்டர்கள் உடனே டிஸ்க்கில் பதியச் சொல்லிக் கெர்னலிடம் தனியாகக் கேட்டுக்கொள்கின்றன. கம்பைலரும் ஃபைலை அதே கெர்னலிடம் கேட்டு வாங்குவதால், சேவ் கொடுத்த மறுகணமே புதிய எழுத்துகள் அதற்குக் கிடைத்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. விம் ஏறக்குறைய 200 எழுத்துகளுக்கு ஒருமுறை, அல்லது கை ஓய்ந்து 4 வினாடி ஆனதும், நாம் எழுதியதை ஒரு ஸ்வாப் ஃபைலில் போட்டுவைக்கிறது. விஎஸ் கோட் என்ற எடிட்டர் சேவ் ஆகாத பஃபர்களை ஓர் ஓரத்தில் பேக்கப் எடுத்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போய்வந்த பிறகு எழுதியது அப்படியே திரும்பத் திரையில் இருப்பது இதனால்தான். ஆனால் கம்பைலர் இந்த ஸ்வாப்பையும் பேக்கப்பையும் தொடுவதே இல்லை. எழுதியது பத்திரமாக இருக்கிறது என்பதால் கம்பைலர் அதைப் பார்த்துவிட்டது என்று ஆகாது. மழைக்காலத்தில் இந்தக் குழப்பத்தை அதிகம் பார்க்கிறேன்.

டர்போ சி பழக்கிய பழக்கம்

தமிழ்நாட்டில் கொஞ்சம் வயதான ஆசிரியர்கள் பலருக்கு இந்தச் சிக்கல் அன்னியமாகத் தெரிவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1983-இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை வெளியிட்டது. அதன் கம்பைலரை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், பின்னாளில் சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தவர். எடிட்டரையும் கம்பைலரையும் அவர் ஒரே புரோகிராமுக்குள் வைத்தார். கம்பைலர் எடிட்டரின் மெமரியிலிருந்தே நேராகப் படித்தது. எரர் வந்தால் கர்சர் அந்த இடத்திலேயே போய் நின்றது. டிஸ்க் நடுவில் வரவேயில்லை.

1987-இல் வந்த டர்போ சியும் 1990-இல் வந்த டர்போ சி பிளஸ் பிளஸ்ஸும் இதே வழியில் வந்தவை. நம் ஊர் லேப்களில் அந்த நீலத் திரை உலகமே கைவிட்ட பிறகும் பல வருடங்கள் ஓடியது. அதில் பெயரே வைக்காத 'நோநேம்00' ஃபைலில் எழுதி, கண்ட்ரோல்-எஃப்9 தட்டினால் புரோகிராம் ஓடும். சேவ் செய்யாததால் எரர் தப்பாக வந்தது என்ற பேச்சே அங்கே கிடையாது. வேறொரு விலை இருந்தது. லூப் முடிவில்லாமல் ஓடி மெஷின் உறைந்தால் ரீஸ்டார்ட்தான், எழுதியது போய்விடும். அதனால்தான் 'ஓட்டுவதற்கு முன் எஃப்2', அதாவது சேவ், என்று சொல்லிக்கொடுத்தார்கள். சேவ் செய்வதன் காரணம் அங்கே முழுக்க இழப்பைத் தவிர்ப்பது.

பிறகு லேப்கள் லினக்ஸுக்கும் விஎஸ் கோடுக்கும் மாறின. எடிட்டர் தனி, கம்பைலர் தனி என்று ஆயிற்று. சேவ் செய்வதற்கு முன்பில்லாத இன்னொரு காரணம் வந்து சேர்ந்தது. அதைப் பாடத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் இதை நேர்மையாகக் கையாள்கிறது என்பேன். மாற்றிய ஃபைலில் எஃப்5 தட்டினால், சேவ் செய்தால்தான் ஓட்ட முடியும், செய்யட்டுமா என்று கேட்கிறது. 12-ஆம் வகுப்பில் பைத்தான் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கலாம். ஆனால் டிஸ்க் பிரதி என்று ஒன்று தனியாக இருப்பதை அவர்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்னப் பெட்டிதான்.

பட்டனும் டெர்மினலும்

விஎஸ் கோடில் கம்பைல் செய்யவைக்கும் பில்ட் டாஸ்க்கை அதற்குரிய ஷார்ட்கட்டில் ஓட்டினால், ஓட்டுவதற்கு முன் திறந்திருக்கும் எல்லா ஃபைல்களையும் சேவ் செய்துவிடும். அதன் டிஃபால்ட் செட்டிங் அப்படி. அதே ஜன்னலின் கீழ்ப் பாதியில் இருக்கும் டெர்மினலில் ஜிசிசி என்று நாமே தட்டினால் எதையும் சேவ் செய்யாது. அந்த டெர்மினலுக்குள் ஓடுவது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற புரோகிராம். மேலே எடிட்டர் என்று ஒன்று இருப்பதே ஷெல்லுக்குத் தெரியாது. பட்டனை அழுத்துகிற மாணவருக்குச் சரியாக வருகிறது, பக்கத்து மேசையில் கட்டளை தட்டுகிறவருக்குத் தப்பாக வருகிறது. ஒரே லேப், ஒரே ஃபைல் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

ஈமாக்ஸ் எடிட்டரில் கம்பைல் கட்டளை கொடுத்தால் மாற்றிய பஃபர்களை ஒவ்வொன்றாகக் காட்டி சேவ் செய்யலாமா என்று கேட்கும். விம்மில் மேக் கட்டளைக்கு முன் தானாக எழுதும் 'ஆட்டோரைட்' வசதி உண்டு, டிஃபால்ட்டாக அது அணைந்திருக்கும். இன்டெல்லிஜே எடிட்டர் வேறு ரகம். வேறு ஜன்னலுக்குப் போனாலோ புரோகிராமை ஓட்டினாலோ தானே சேவ் செய்துவிடும். அதனால் அதில் பழகியவர்கள் சேவ் என்ற ஒன்றையே மறந்துவிடுகிறார்கள். வேறு எடிட்டருக்கு மாறிய முதல் வாரத்தில் திணறுகிறார்கள்.

எரர் வேறு ஃபைலில் வந்து நிற்கும்போது

ஒரே ஃபைல் என்றால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். ஃபைல்கள் இரண்டாகும்போதுதான் பிள்ளைகள் ஒரு மாலையையே தொலைக்கிறார்கள்.

ஒரு மழைக் கணக்குப் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். தேவாலா, அவலாஞ்சி, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களின் மழை அளவை மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு சராசரி கண்டுபிடிக்க வேண்டும். மேற்கே தேவாலாவுக்கும் அவலாஞ்சிக்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது, கிழக்குச் சரிவில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை முக்கியம். எல்லா ஊருக்கும் ஒரே மாதத்திலிருந்து எண்ணினால் கணக்கு அர்த்தமில்லாமல் போகும். அதனால் 'சராசரி' என்ற ஃபங்ஷனுக்கு, எந்த மாதத்திலிருந்து எண்ணுவது என்று மூன்றாவதாக ஓர் ஆர்கியுமென்ட், அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு, சேர்க்கிறோம். அறிவிப்பு இருப்பது 'கணக்கு' என்ற ஹெடர் ஃபைலில், கூப்பிடுவது 'மழை' என்ற சி ஃபைலில். இரண்டையும் மாற்றியாயிற்று. சேவ் ஆனது மழை ஃபைல் மட்டும். ஹெடர் எடிட்டரின் இன்னொரு டேப்பில், சேவ் ஆகாமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இப்போது ஜிசிசி என்ன சொல்லும்? மழை ஃபைலில், 'சராசரி' ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட்கள் அதிகம் என்று சொல்லும். எரர் விழுவது சரியாக எழுதி சேவ் செய்த ஃபைலில். மாணவர் அங்கே போய்ப் பார்க்கிறார், எல்லாம் சரியாகவே இருக்கிறது. எரர் சொல்கிறதே என்று மூன்றாவது ஆர்கியுமென்ட்டை எடுத்துவிடுகிறார், எரர் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ வேலைக்காக ஹெடரை சேவ் செய்ததும், ஆர்கியுமென்ட் போதவில்லை என்று அதே வரியில் எதிர்த்திசை எரர் வருகிறது. கம்பைலருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காமல் வேறெப்படி நினைப்பது?

மேக் வந்தால் இன்னும் மோசம். மேக் ஃபைலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, கடைசியாக மாற்றிய நேரத்தை மட்டும் பார்க்கிறது. சேவ் ஆகாத ஃபைலின் நேரம் டிஸ்க்கில் மாறியிருக்காது. அதனால் எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது, செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று மேக் சொல்லிவிடும். எரரே வராது. பழைய புரோகிராம் பழைய விடையைத் தரும். மாணவர் தன் லாஜிக்கில் தப்புத் தேட ஆரம்பிப்பார். தப்பான எரராவது எங்கோ ஓரிடத்தைக் கைகாட்டும். இதில் கைகாட்ட ஒன்றுமே இல்லை. இந்தப் பிரச்சினையின் எல்லா வடிவங்களிலும் இதைத்தான் மிக மோசமானதாக நான் கருதுகிறேன்.

சிவப்புக் கோடு எங்கிருந்து வருகிறது

இதுவரை சொன்னது டெர்மினலில் வரும் எரர். தட்டிக்கொண்டிருக்கும்போதே வார்த்தைக்குக் கீழே வரும் சிவப்பு அலைக்கோடு வேறு வழியாக வருகிறது. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை அறிவித்தன. சுருக்கமாக எல்எஸ்பி. மொழியைப் புரிந்துகொள்ளும் சர்வர் ஒரு பக்கம், எடிட்டர் இன்னொரு பக்கம், நடுவில் செய்திகள். ஃபைலைத் திறந்தால் எடிட்டர் ஒரு செய்தி அனுப்பும். எழுத்து மாறினால் ஒன்று, சேவ் செய்தால் ஒன்று, மூடினால் ஒன்று.

சேவ் செய்யாத ஃபைலைப் பற்றி இந்த நெறிமுறையில் தெளிவான விதி இருக்கிறது. எடிட்டர் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டதாகச் சொன்ன பிறகு, அதன் உள்ளடக்கத்துக்கு எடிட்டரே பொறுப்பு. சர்வர் அதை டிஸ்க்கிலிருந்து படிக்கக் கூடாது. டர்போ பாஸ்கல் ஒரே புரோகிராமுக்குள் செய்ததை, இரண்டு புரோகிராம்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தமாக எழுதிவைத்தது போன்ற விதி இது. எடிட்டர் அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. சர்வர் திருப்பியனுப்பும் எரர் பட்டியலிலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிக்கும் வசதி 3.15 பதிப்பில் வந்தது. ஆனால் அது விருப்பம்தான், கட்டாயமில்லை. சர்வர் அதைக் குறிக்காவிட்டால், நாம் வேகமாகத் தட்டும்போது கொஞ்சம் பழைய எழுத்துக்கான எரர் புதிய எழுத்தின் மேல் வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் நாளிலேயே அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

விதி திறந்த ஃபைலுக்குத்தான். அதோடு தொடர்புள்ள மற்ற ஃபைல்களை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு வழியில் போகிறது. சி மொழிக்கான கிளாங்டி, தலைப்பில் இருக்கும் ஹெடர்களை ஒருமுறை படித்துச் சேர்த்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். வேகத்துக்காக இப்படி. ஹெடர் எடிட்டரில் திறந்தே இருந்தாலும், மற்ற ஃபைல்களைச் சோதிக்கும்போது டிஃபால்ட்டாக அதன் டிஸ்க் பிரதியைத்தான் எடுக்கும். ஆகவே மேலே சொன்ன மழைக் கணக்குக் குழப்பம் சிவப்புக் கோட்டிலும் அப்படியே வரும். கோ மொழியின் கோபிள்ஸ் சர்வர் திறந்திருக்கும் எல்லா பஃபர்களையும் டிஸ்க்கின் மேல் ஒரு அடுக்காகப் போர்த்திப் பார்க்கிறது. அதில் இந்தச் சிக்கல் வராது.

ஒரே திரையில் இரண்டு சோதனை

ரஸ்ட் கற்க ஆரம்பித்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சில எரர்கள் தட்டும்போதே மறைந்துவிடும். சில எரர்கள் சரிசெய்த பிறகும் அப்படியே நிற்கும். அங்கே இரண்டு சோதனைகள் தனித்தனியாக நடக்கின்றன. ரஸ்ட்டின் லாங்குவேஜ் சர்வரான ரஸ்ட்-அனலைசர் தானாகக் கண்டுபிடிக்கும் எரர்கள் பஃபரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன. மற்றவை கார்கோ செக் என்ற கட்டளையிலிருந்து வருகின்றன. சேவ் செய்யும்போது அது ஓடி, டிஸ்க்கைப் படிக்கும். யார் எந்த மதிப்பை எவ்வளவு நேரம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்ற ரஸ்ட்டின் புகழ்பெற்ற சோதனைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால் கடினமான எரர்கள்தான், திருத்திய பிறகும் சேவ் செய்கிறவரை நகராமல் நிற்கின்றன. திருத்தம் பலிக்கவில்லை என்று நினைத்து வேறு எதையாவது மாற்றத் தொடங்குவது இங்கே பெரிய ஆபத்து. எரரின் ஓரத்தில் அது எந்தக் கருவியிடமிருந்து வந்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். ரஸ்ட்டின் கம்பைலரான ரஸ்ட்சி என்று இருந்தால் சேவ் செய்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

எக்லிப்ஸ் எடிட்டர் இதை 2000-களின் தொடக்கத்திலேயே சந்தித்தது. ஜாவாவில் தட்டும்போது வரும் தற்காலிக எரர்கள் ஒரு வகை, சேவ் செய்ததும் பில்ட் ஓடி பிராப்ளம்ஸ் பட்டியலில் நிலையாக ஏறும் எரர்கள் இன்னொரு வகை. டைப்ஸ்கிரிப்டில் விஎஸ் கோட் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. டெர்மினலில் ஓடும் டிஎஸ்சி கம்பைலரின் வெளியீட்டிலிருந்து எரர்களைப் பொறுக்கியெடுக்கும்போது, மூடியிருக்கும் ஃபைல்களுக்கு மட்டும் அவற்றைப் பொருத்துகிறது. திறந்திருக்கும் ஃபைலுக்குப் பஃபரைப் பார்க்கும் சர்வர் சொல்வதே கணக்கு. எந்தப் பிரதிக்கு யார் சாட்சி என்று பிரித்துவிட்டால் இரண்டு சோதனைகளும் மோத வேண்டியதில்லை.

சேவ் செய்யாததையே கம்பைலரிடம் கொடுக்க முடியாதா?

முடியும். கருவி எழுதுகிறவர்கள் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். பழைய வழி, பஃபரை ஒரு தற்காலிக ஃபைலாக எழுதி அதைக் கம்பைல் செய்வது. அந்த ஃபைலை வேறு ஃபோல்டரில் வைத்தால், பக்கத்தில் இருக்க வேண்டிய ஹெடர்கள் கிடைக்காமல் போகும். அதே ஃபோல்டரில் வைத்தால், ஃபைல்களைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் வேறு கருவிகள் புது ஃபைல் வந்துவிட்டது என்று விழித்துக்கொள்ளும். எரரிலும் தற்காலிக ஃபைலின் பெயர்தான் வரும், அதைத் திரும்ப உண்மையான பெயராக்க வேண்டும். இரண்டாவது வழி, ஃபைலே இல்லாமல், எழுத்துகளை நேராகக் கம்பைலருக்குள் அனுப்பும் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாகக் கொடுப்பது. ஜிசிசி இதை ஏற்றுக்கொள்ளும். தட்டும்போதே எரர் காட்டும் ஈமாக்ஸின் ஃபிளைமேக், 2018-இல் வந்த 26.1 பதிப்பில் புதிதாக எழுதப்பட்டபோது இந்த வழிக்கு இடம் கொடுத்தது. ஒரு ஃபைலுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஐந்து ஃபைல்கள் சேவ் ஆகாமல் இருந்தால் உதவாது.

ஐந்துக்கும் உதவக்கூடியது கம்பைலரே ஒத்துழைப்பதுதான். கிளாங் கம்பைலரை மற்றப் புரோகிராம்கள் பயன்படுத்த உதவும் லிப்கிளாங்கில், சேவ் ஆகாத ஃபைல்களின் பட்டியலைப் பெயர், உள்ளடக்கம், நீளம் என்று மெமரியிலிருந்தே கொடுக்கலாம். அந்தப் பெயரில் ஃபைல் தேவைப்பட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும். கோ மொழியில் 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பில் பில்ட் கட்டளைக்கே 'ஓவர்லே' என்றொரு தேர்வு வந்தது. இந்த ஃபைலுக்குப் பதில் அந்த ஃபைலைப் படி என்று ஒரு ஜேசான் பட்டியல் கொடுத்தால் போதும். எல்லாக் கம்பைலர்களிலும் இப்படி ஒரு கதவு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எடிட்டர், கம்பைலர் இரண்டும் பேசிக்கொள்ளக் கதவு இல்லாததன் சுமையை இப்போது முதலாம் ஆண்டு மாணவர் சுமக்கிறார்.

சிவப்புக் கோடு தப்பான இடத்தில் விழ, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் சேவ் சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. எல்எஸ்பி வரியில் ஓர் இடத்தைக் குறிக்க யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தின் அலகுகளை எண்ணுகிறது. சில கருவிகள் யுடிஎஃப்-8 என்ற இன்னொரு குறியாக்கத்தின் பைட்டுகளை எண்ணுகின்றன. 'மழை' என்பது கண்ணுக்கு 2 எழுத்து, யுடிஎஃப்-16-இல் 3 அலகு, யுடிஎஃப்-8-இல் 9 பைட். வரியின் முன்பாதியில் தமிழ் இருந்து, ஒருவர் பைட்டிலும் மற்றவர் அலகிலும் எண்ணினால் சிவப்புக் கோடு இடம் தள்ளி விழும். ஜிசிசி நெடுங்காலம் பைட்டில் எண்ணியது, 2021-இல் வந்த 11-ஆவது பதிப்பிலிருந்து திரையில் அடைக்கும் அகலத்தில் எண்ணுகிறது. எல்எஸ்பியின் 3.17 பதிப்பில் எந்த அலகில் எண்ணுவது என்று இரு தரப்பும் முதலிலேயே பேசி முடிவெடுக்க வழி வந்தது. எத்தனை முறை சேவ் செய்தாலும் கோடு அதே அளவு தள்ளியே விழுந்தால், காரணம் இதுவாக இருக்கும்.

ஆட்டோ சேவ்

இவ்வளவு எதற்கு, ஆட்டோ சேவ் போட்டுவிட்டால் போகிறது என்று பலர் சொல்வார்கள். விஎஸ் கோடில் அதைப் போட்டால், கை ஓய்ந்து 1000 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடி ஆனதும் சேவ் ஆகும். கரண்ட் போகும் ஊரில் அதற்கு ஒரு கவர்ச்சி இருப்பதை மறுக்கவில்லை. ஆரம்ப நிலையில், ஒரே ஃபைலில் சி எழுதும் மாணவருக்கு நானும் அதைப் போடச் சொல்கிறேன்.

பெரிய புராஜெக்ட்டில் தயங்குவேன். சேவ் என்பது அங்கே ஒரு சமிக்ஞை. சேவ் ஆனதும் கார்கோ செக் ஓடும், வெப் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும், டெஸ்ட்கள் கிளம்பும். பாதி எழுதிய வரியை ஒரு வினாடிக்கு ஒருமுறை சேவ் செய்தால் அத்தனையும் பாதி வரிக்காக ஓடி, அர்த்தமில்லாத எரர்களாகக் கொட்டும். பழைய லேப்டாப்பில் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். எழுதியவர் இது முடிந்தது, பார்த்துச் சொல் என்று கேட்கும் தருணம் ஒன்று தேவைப்படுகிறது. சேவ் அந்தத் தருணமாக இருப்பது நல்லதுதான். வேறு ஜன்னலுக்குப் போகும்போது மட்டும் சேவ் ஆகும்படி ஒரு நடுவழியும் இருக்கிறது. ஆனால் விஎஸ் கோடின் உள்ளேயே இருக்கும் டெர்மினலுக்குப் போவது ஜன்னல் மாறுவதாகக் கணக்கில் வராது. அதற்கு, ஃபைலிலிருந்து ஃபோகஸ் நகரும்போது சேவ் ஆகும் தேர்வைத்தான் போட வேண்டும்.

எரருக்குள்ளேயே இருக்கும் சாட்சி

எந்தப் பிரதியைப் படித்தது என்று எரர் சொல்வதில்லை என்றேன். ஆனால் கவனித்தால் கண்டுபிடிக்க ஒரு வழி கொடுக்கிறது. ஜிசிசி 2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து டிஃபால்ட்டாக எரரோடு சேர்த்து அந்த வரியையே அச்சிட்டு, கீழே ஒரு முனைக்குறியும் போடுகிறது. கிளாங், ஜாவாசி, ரஸ்ட்சி எல்லாமே வரியைக் காட்டுகின்றன. அந்த வரி எடுக்கப்பட்டது டிஸ்க்கிலிருந்து. செமிகோலன் எரர் வரும்போது டெர்மினலில் அச்சாகியிருக்கும் வரியில் செமிகோலன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மழைக் கணக்கு எரரில் ஜிசிசி 'இங்கே அறிவிக்கப்பட்டது' என்று ஒரு துணைக்குறிப்பு சேர்த்து ஹெடரின் வரியையும் அச்சிடும். அதில் இரண்டு ஆர்கியுமென்ட்தான் இருக்கும். திரையில் மூன்று. பெரும்பாலான பிள்ளைகள் எரரின் முதல் வரியையும் வரி எண்ணையும் மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், கீழே இருக்கும் சாட்சியைப் பார்ப்பதில்லை.

பைத்தானில் ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் எரர் வந்தால், டிரேஸ்பேக் என்ற எரர் அறிக்கையில் அச்சாகும் வரியை பைத்தான் அந்த நேரத்தில் டிஸ்க்கைத் திறந்து எடுக்கிறது. ஓடுவதோ புரோகிராம் தொடங்கியபோது படித்த பழைய பிரதி. மழைமானியோடு இணைத்த ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் நாள்கணக்கில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் யாரோ ஃபைலின் மேலே நான்கு வரி சேர்த்து சேவ் செய்திருக்கிறார்கள். இரவில் எரர் வந்தால் வரி எண் பழைய பிரதிக்குச் சரியாக இருக்கும், அச்சாகும் வரி புதிய பிரதியிலிருந்து வரும். எரரோடு சம்பந்தமே இல்லாத ஒரு கமென்ட் வரிகூட அங்கே தெரியலாம். இங்கே சேவ் செய்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கிரிப்ட் தொடங்கிய நேரத்தையும் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். மேக் சத்தமில்லாமல் ஏமாற்றும்போதும் இதே நேரச் சோதனை உதவும். ஃபோல்டரில் எல்எஸ் கட்டளையை நீளப் பட்டியலாகப் போட்டால், இப்போதுதான் திருத்திய ஃபைலுக்கு எதிரே பழைய மணி நின்றுகொண்டிருக்கும்.